குளிரைத் தாங்கிய ரோஸ்மேரி

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரச் செடி. கடுங்குளிர் அதற்கு ஆகாது. அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் அதைத் தொட்டியில் வளர்த்து, பனிக்காலம் வந்தால் வீட்டுக்குள் தூக்கி வைப்பார்கள். வெளியே விட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும்.

1972-இல் இதற்கு ஒரு வழி பிறந்தது. மூலிகை வளர்ப்பில் பேர்பெற்ற மேடலின் ஹில், டெக்சாஸ் மாநிலத்தில் ஆர்ப் என்ற சிற்றூரில், குளிரிலும் வாடாமல் நின்ற ஒரு ரோஸ்மேரியைக் கண்டார். அதிலிருந்து பெருக்கிய செடிகளை வாஷிங்டனிலுள்ள தேசிய மரப்பூங்கா சோதித்துப் பார்த்தது. ஊர்ப் பெயரே ரகத்தின் பெயரானது.

'ஆர்ப்' ஏறத்தாழ மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்கிறார்கள். ஆனால் குளிர்காலத்தில் வேரில் தண்ணீர் தேங்கினால் அதுவும் அழுகிவிடும். நல்ல வெயிலும் நீர் வடியும் மண்ணும் அவசியம். விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது என்பதால் கிளைத்துண்டு நட்டே வளர்க்கிறார்கள். இன்று தோட்டங்களில் உள்ள ஒவ்வொரு 'ஆர்ப்' செடியும் அன்று அவர் கண்ட செடியின் துண்டுதான்.