மௌனத்திலிருந்து அறிவிப்புக்கு: செயலற்ற பட்டியல் நிறுவனங்களும் பொய்த் தகவலும், 1992–2024

இந்தியப் பங்குச் சந்தையில் செயலற்ற நிறுவனங்கள் முதலீட்டாளரை ஏமாற்றும் முறை முப்பது ஆண்டுகளில் தலைகீழாகியிருக்கிறது. அன்று பணத்தை வாங்கிக்கொண்டு வாய் மூடின. இன்று ஓயாமல் அறிவிக்கின்றன. மௌனத்தைத் தண்டிக்க வளர்ந்த சட்டம், பொய்ப் பேச்சுக்கு மேடை அமைத்துக் கொடுத்துவிட்டது என்பதே என் வாதம். 1947ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1992இல் நீக்கப்பட்டதும், வெளியீட்டு விலையை நிறுவனங்களே நிர்ணயிக்கத் தொடங்கின. பணம் திரட்டிய பலவற்றைப் பிறகு பதிவு முகவரியில் தேடிப் போனால் ஆளில்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியும் கம்பெனி விவகாரத் துறையும் சேர்ந்து இப்படி 238 'மறைந்த நிறுவனங்களை' அடையாளம் கண்டன.

அதே 1992இல் வணிகத்தைத் தொடங்கிய ஓ.டி.சி.இ.ஐ. (ஓவர் தி கவுண்டர் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா) சந்தை, அமெரிக்காவின் நாஸ்டாக்கை முன்மாதிரியாகக் கொண்டது. அதில் சிறு நிறுவனம் நுழைய ஒரு ஸ்பான்சர் வேண்டும். திட்டத்தை ஆராய்ந்து பார்ப்பதோடு, அந்தப் பங்கை வாங்கவும் விற்கவும் விலை கூறும் கடமையும் அவருடையது. நிறுவனம் சொல்வதற்கு இன்னொருவர் தம் பணத்தோடு பொறுப்பேற்ற ஏற்பாடு அது. வணிகம் பெருகவில்லை, 2015இல் அங்கீகாரம் முடிந்தது. கோயம்புத்தூர்ப் பங்குச் சந்தை 2013இலும் சென்னைச் சந்தை 2015இலும் பங்குச் சந்தையாக இயங்குவதிலிருந்து விலகின. நாடு தழுவிய மின்னணு வணிகத்தின் முன் அவை நிலைத்திருக்க வழியில்லை. ஆனால் ஸ்பான்சர் என்ற நல்ல யோசனையும் கூடவே போனதுதான் இழப்பு.

அந்த இடத்துக்கு வந்தது தகவல் வெளியிடும் கடமை. பட்டியல் நிறுவனங்களுக்கான 2015ஆம் ஆண்டின் செபி விதிமுறைகளில் 30ஆவது விதி, முக்கிய நிகழ்வுகளை உடனுக்குடன் சந்தைக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. மும்பைச் சந்தையின் தளத்தில் ஏறும் அறிவிப்பை வரதராஜன்பேட்டையில் டிமேட் கணக்கு வைத்திருப்பவர் அடுத்த நிமிடமே கைபேசியில் படிக்கலாம். தளத்தில் வந்துவிட்டதாலேயே அதைச் சந்தை சரிபார்த்திருக்கும் என்று அவர் நம்புவது இயல்பு. அப்படி யாரும் சரிபார்ப்பதில்லை. பாரத் குளோபல் டெவலப்பர்ஸ் பற்றி 2024 டிசம்பர் 23இல் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. 2023 வரை வருவாயும் சொத்தும் சொல்லத்தக்க அளவில் இல்லாத நிறுவனம் அது. நிர்வாகம் மாறியது, முன்னுரிமை ஒதுக்கீட்டில் சிலர் கையில் பங்குகள் குவிந்தன, பெரிய குழுமங்களின் பெயரைச் சொல்லி ஆர்டர் அறிவிப்புகள் வரிசையாக வந்தன. சுமார் 16 ரூபாய் பங்கு ஓராண்டில் 1,700 ரூபாயைத் தாண்டியது. விற்கக் கூடாத லாக்-இன் காலம் முடிந்ததும் ஒதுக்கீடு பெற்றவர்கள் விற்றார்கள் என்கிறது உத்தரவு. இது இடைக்கால முடிவுதான். ஆயினும் அந்த அறிவிப்புகள் வந்தபோதே ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்திருக்கும்.

ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் ஒவ்வொரு அறிவிப்பையும் சந்தை சோதிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது, தேவையுமில்லை. வருவாயே இல்லாமல் கிடந்து, திடீரென ஆர்டர் அறிவிப்பவை மிகச் சிலவே. 2017 ஆகஸ்டில் 331 நிறுவனங்களை, பெயரளவில் மட்டும் இருக்கும் ஷெல் கம்பெனிகள் என்ற சந்தேகத்தில் செபி வணிகத்தைக் கட்டுப்படுத்தியபோது, இயங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களும் சிக்கி, பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த உத்தரவுக்குத் தடை பெற்றன என்பது இன்னும் வலுவான மறுப்பு. அங்கே தவறு, கேட்காமலே வணிகத்தை முடக்கியதில் இருந்தது. அறிவிப்பை ஏற்றும் முன் ஆர்டர் கடிதத்தைக் கேட்பதால் உண்மையான நிறுவனத்துக்கு ஒரு நாள் தாமதத்துக்கு மேல் இழப்பில்லை. அமெரிக்காவில் 2012 மே மாதம் 379 செயலற்ற நிறுவனங்களின் வணிகத்தை ஒரே நாளில் நிறுத்தினார்கள். 2021 முதல், நடப்புத் தகவல் வெளியிடாத நிறுவனத்தின் பங்குக்குத் தரகர்கள் விலை கூறவும் கட்டுப்பாடு வந்தது. அதுவும் மௌனத்துக்கான மருந்துதான். நம் நாட்டில் வதந்திகளை உறுதிசெய்யும் அல்லது மறுக்கும் கடமை 2024இல் சந்தை மதிப்பில் முதல் 100, பிறகு முதல் 250 நிறுவனங்களுக்கு வந்தது. ஆயிரம் கண்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது. பட்டியலின் அடியில், மூன்றாண்டு வருவாய் இல்லாத நிறுவனத்தின் ஆர்டர் அறிவிப்பை, ஆர்டர் கொடுத்தவரின் கையொப்பமிட்ட உறுதி வரும்வரை தளத்தில் ஏற்றாமல் நிறுத்திவைக்கும் விதியே முதலில் வர வேண்டும்.