ஒரு விளக்குக்கு 96 ஆடு

கோயில் டியூப்லைட்டைக் கவனிச்சிருப்பீங்க. வெளிச்சம் வருதோ இல்லையோ, 'உபயம்'னு எழுதின பேரு பளிச்சுனு தெரியும். அது ஃபியூஸ் போனா யார் மாத்தணும்? அதை எங்கேயும் எழுதியிருக்க மாட்டாங்க.

தஞ்சைப் பெரிய கோயில்ல எழுதியிருக்காங்க. 1010 வாக்கில் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த கோயில் அது. அங்கே ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிய என்ன வேணும்? கல்வெட்டு கணக்கே போட்டுக் கொடுக்குது: 96 ஆடு, இல்லேன்னா 48 பசு, இல்லேன்னா 16 எருமை. அதை வாங்கிக்கிற இடையர் தினமும் ஒரு உழக்கு, அதாவது கால் நாழி, நெய் கொடுக்கணும். அளக்கிறது 'ஆடவல்லான்'னு பேரு வெச்ச கோயில் அளவால.

சோழர் கல்வெட்டுகள் இப்படிப்பட்ட ஆடுகளை 'சாவா மூவாப் பேராடு'ன்னு சொல்லும். ஆடு சாகாதா? சாகும். ஆனா குட்டிகளை வெச்சு ஈடுகட்டி, எண்ணிக்கை குறையாம பார்த்துக்கிறது இடையர் பொறுப்பு. பராமரிப்புச் செலவு முதலீட்டுக்குள்ளேயே இருக்கு.

விளக்கு தினமும் எரிஞ்சுதான்னு இந்தக் கல்வெட்டு சொல்லாது. அது திட்டம் மட்டும்தான். ஆனா யார், எவ்வளவு, எந்த அளவால என்ற மூணும் சுவர்ல இருக்கு. நெய் குறைஞ்சா தட்டிக்கேட்க ஆதாரம் இருக்கு.

கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, அடுத்த திட்டத்துக்குப் பணம் கொடுக்கும்போது திறப்பு விழா தேதியோட இதையும் கேளுங்க: பத்து வருஷம் கழிச்சு நெய் யார் ஊத்துவாங்க?