சோழவரம் வழியாக ஒரு ஹெரால்ட்: கார்புரேட்டரை மாத்தணுமா?

எங்க வீட்டு ஷெட்ல தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிக்குது. 1961 முதல் மெட்ராஸில் தயாரான கார். இங்கிலாந்தில் இதே ஹெரால்ட் சேஸியைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதுக்கு ரெட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், எங்க வண்டிக்கு ஒத்தை சோலெக்ஸ்.

இப்போ சோலெக்ஸ் தேஞ்சுபோச்சு. த்ராட்டில் தண்டு ஆடுது, இடைவெளியில காத்து புகுது, ஐட்லிங் நிக்கல. மெக்கானிக் "ரெட்டை எஸ்.யூ. போட்டுடலாம்"ங்கிறார். ஆசைதான்! எஸ்.யூ.வில் எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப பிஸ்டன் ஏறும். அதில் மாட்டிய ஊசி பெட்ரோல் அளவை மாற்றும். சோலெக்ஸில் ஜெட் துளை மாறாது. ஆனா ரெண்டு எஸ்.யூ.வும் ஒரே அளவு காத்து இழுக்கணும், மேனிஃபோல்டும் மாத்தணும்.

சோழவரத்துல, போர்க்கால விமான ஓடுதளத்துல, 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. இறக்குமதிக் கெடுபிடிக் காலம் அது. நல்ல கார்புரேட்டர் எதுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, எது கிடைக்கும்னு கேட்கணும்.

போன வாரம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். ஏரிக்கரையில் படகு எஞ்சினைப் பிரிச்சுக்கிட்டிருந்த அண்ணன்கிட்ட கதையைச் சொன்னேன். "உப்புக் காத்துல எதை மாட்டினாலும் துருவேறும் தம்பி. உனக்குக் கழட்டத் தெரிஞ்சதை மாட்டு"ன்னார்.

திரும்புற வழியில சோழவரத்துல வண்டியை ஓரங்கட்டி மெக்கானிக்குக்கு போன் போட்டேன். சோலெக்ஸ் இப்போ லேத்துல இருக்கு. தண்டுக்குப் புது புஷ் போடுறாங்க.