புதுச்சேரி வட்டார நீர் மேலாண்மை

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசமும் அதைச் சூழ்ந்த தமிழ்நாட்டு மாவட்டங்களும் பகிர்ந்துகொள்ளும் ஆறு, ஏரி, நிலத்தடி நீர், கடற்கரை ஆகியவற்றைப் பாசனம், குடிநீர், வனம், துறைமுகம், மீன்வளம் முதலிய துறைகள் நிர்வகித்துவரும் முறை. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறும், தெற்கே தென்பெண்ணையும் இதன் முதன்மை நீர்வழிகள். இம்முறையின் குறைநிறைகள் கடலோரத்தில், குறிப்பாக வைத்திக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்களில், வெளிப்படையாகத் தெரிகின்றன.

பிரெஞ்சுக் காலம்

பிரெஞ்சு நிலமும் ஆங்கிலேயர் நிலமும் ஊருக்கு ஊர் பின்னிக் கிடந்ததால், தண்ணீருக்கு இரு தரப்பும் பேசியே ஆகவேண்டியிருந்தது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் தென்பெண்ணை நீர் குறித்து 1910இல் உடன்பாடு ஏற்பட்டது. உள்ளூரில் ஏரிகளைக் கவனிக்க, நிலமுடையோர் பங்குப்பணம் செலுத்தும் 'கேஸ் கொம்யூன்' என்னும் பொது நிதி அமைப்பும் 'சிந்திகா அக்ரிகோல்' என்னும் உழவர் சங்கமும் இயங்கின. நகரின் குடிநீருக்கு 1860களில் முத்திரப்பாளையத்திலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது.

இணைப்புக்குப் பின்

1954இல் ஆட்சி கைமாறிய பின் ஏரிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பாயின. 1959இல் சங்கராபரணியின் மேற்பகுதியில் கட்டப்பட்ட வீடூர் அணை, தமிழ்நாட்டில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் பாசனம் தருகிறது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியதும் ஏரிப் பராமரிப்பில் ஊரார் அக்கறை குறைந்தது. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன. கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறியது. 2002இல் நிலத்தடி நீர் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. கரையைப் பலப்படுத்துவதோடு நில்லாமல் ஏரிதோறும் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்ததும், ஆயக்கட்டு விவசாயிகளோடு நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் அதில் இடமளித்ததும் இத்திட்டத்தின் சிறப்பு.

ஊசுடு ஏரி

சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகச் சங்கராபரணி நீர் பெறும் ஊசுடு ஏரியின் நடுவே மாநில எல்லை செல்கிறது. பாசனத்துக்குத் தண்ணீரைத் திறக்கவேண்டும். வலசைப் பறவைகளுக்குத் தேக்கிவைக்கவேண்டும். கரையில் கட்டடம் எழாமல் காக்கவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு துறையின் வேலை. புதுச்சேரி 2008இல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பகுதியை அவ்வாறு அறிவித்தது 2015இல்தான். ஒரே நீர்ப்பரப்பு ஏழாண்டுகள் இருவேறு சட்டநிலையில் இருந்தது.

வைத்திக்குப்பம் கடற்கரை

மாசிமகத்தன்று மயிலம் முருகன் உள்ளிட்ட சுற்றுவட்டாரத் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வந்துசேரும் கரை இது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தென்மேற்குப் பருவக்காலத்து அலைகள் கரையோரமாக வடக்கே நகர்த்தும் மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிவிட, வடக்கே மணற்கரை கரைந்தது. நகரைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டதும் அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என நகர்ந்து எல்லையைத் தாண்டி, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய தமிழ்நாட்டு ஊர்களையும் எட்டியது. கட்டுமரத்தை ஏற்றிவைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணல் போயிற்று.

தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்ப்பதே இதற்கான வழி என்பது தொடக்கம் முதலே தெரிந்திருந்தும் அப்பணி போதிய அளவில் நடக்கவில்லை. பின்னர், தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டால் நகரக் கடற்கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டது.

மதிப்பீடு

பாகூரில் இரு அரசுகள் முன்கூட்டியே பேசி முறை வகுத்தன. ஏரிச் சீரமைப்பில் பயனாளிகளுக்கு இடம் கிடைத்தது. கடற்கரையிலோ துறைமுகம், மீன்வளம், சுற்றுச்சூழல் ஆகிய துறைகளும் இரு அரசுகளும் தனித்தனியே முடிவெடுத்தன. ஓர் ஊரின் கரையைக் காக்கப் போட்ட கல்லே அடுத்த ஊரின் கரையை அரிப்பதற்குக் காரணம் இதுவே.