பாட்டும் பெயரும்: இசைக்கோப்புகளில் பெயர் பொறித்த வரலாறு

1. முன்னுரை

ஒரு பாட்டை இயற்றியவர் யாவர் என்னும் வினா தமிழாராய்ச்சியில் தொன்றுதொட்டு நிகழ்வதாகும். சங்கத் தொகைநூல்களில் இயற்பெயர் மறைந்த புலவர் சிலர், தாம் பாடிய பாட்டிலமைந்த அருந்தொடரால் செம்புலப்பெயனீரார் என்றாற்போலப் பெயர் பெற்றனர். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதியிலே தம் பெயரை அமைத்துப் பாடினார். அவ்விறுதிப் பாட்டினைத் திருக்கடைக்காப்பு என்ப. பெயர் பாட்டின் புறத்தே நிற்பின் அழிதற்கும், அகத்தே நிற்பின் பாட்டோடு ஒருங்கு வாழ்தற்கும் இவை சான்றுகளாம்.

இக்காலத்தில் பாட்டுகள் கணிப்பொறியில் எண்முறை இசைக்கோப்புகளாக வழங்குகின்றன. அக்கோப்புகளில் பாட்டின் பெயரும் பாடினோர் பெயரும் எவ்வாறு பொறிக்கப்பெற்றன, அவற்றைக் கட்டளை வரியின் வாயிலாகத் திருத்தும் முறை யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம். பெயர்க்குறிப்பை வகுத்தோர் எப்பெயருக்கு இடம் ஒதுக்கினரோ அப்பெயர் நிலைத்தது. இடம் பெறாத பெயர் மறைந்தது. ஆகவே, கோப்புகளுக்குப் பெயர் திருத்துவது வெறும் கைவினையன்று, பதிப்புத் தொழிலே என்பது நம் துணிபு.

2. புறத்தே நின்ற பெயர்

ஒலிப்பதிவில் பெயரைச் சேர்க்கும் வழக்கம் கணிப்பொறிக்கு முற்பட்டது. கி.பி. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பர்க் பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் கூறினார். இசைத்தட்டுகள் செருமனி நாட்டு ஹனோவரில் அச்சாயின. ஆண்டுள்ள தொழிலாளர் பாடினவரை அறிந்து பெயர்த்தாள் ஒட்டுதற்கு அஃது உதவிற்று என்று கூறுப.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு இவ்வகையில் ஒரு படி பின்தங்கியதே எனலாம். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் இடம் அத்தட்டில் குறிக்கப்பெற்றிருந்ததேயன்றிப் பாட்டின் பெயர் குறிக்கப்பெறவில்லை. பெயர் உறையின்மீது அச்சிட்ட தாளில் மட்டுமே நின்றது. தட்டினுள்ளேயே பெயரைப் பொறிக்கும் 'சிடி டெக்ஸ்ட்' என்னும் முறை 1996-இல்தான் தோன்றிற்று. இக்குறையை நீக்குதற்பொருட்டு டி கான், ஸ்டீவ் ஷெர்ப் என்போர் 1990-களில் சிடிடிபி என்னும் தரவுத்தளத்தை அமைத்தனர். பாட்டுகள் தொடங்கும் இடங்களைக் கணக்கிட்டு ஒவ்வொரு தட்டிற்கும் ஓர் எண் தருவதும், பயனர் பலர் தாமே தட்டச்சு செய்தளித்த பெயர்களை அவ்வெண்ணோடு இணைப்பதும் அதன் முறை. அது 1998-இல் விற்கப்பட்டு, 2000-இல் கிரேஸ்நோட் எனப் பெயர் மாறி வணிக நிறுவனமாயிற்று. பொதுமக்கள் உழைப்பால் திரண்ட பெயர்ப்பட்டியல் தனியுடைமையானமை பலர்க்கு மனக்குறையாயிற்று. அதன் எதிர்விளைவாக பிரீடிபி என்னும் பொதுத் தளம் எழுந்தது. 2000-இல் ராபர்ட் கே தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ் என்பதும் இந்நோக்குடையதே. முன்னையது 2020-இல் மூடப்பட்டது; பின்னையது இன்றும் நடைபெறுகின்றது.

எம்பி3 எனப்படும் சுருக்க ஒலிமுறை 1993-இல் அனைத்துலகத் தரமாக வெளியாயிற்று. செருமனியிலுள்ள பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்தார் 1995 சூலை 14-ஆம் நாள் அதற்கு '.எம்பி3' என்னும் ஈற்றுப்பெயரைத் தேர்ந்தனர். எனினும், அம்முறையில் ஒலியைப் பொதிதற்கு விதி இருந்ததேயன்றிப் பாட்டின் பெயரைப் பொதிதற்கு விதி இல்லை. எனவே பெயர் மீண்டும் கோப்பின் புறத்தே, அஃதாவது கோப்புப் பெயரில் நின்றது. எம்எஸ்-டாஸ் இயங்குதளமோ 8 எழுத்துப் பெயரும் 3 எழுத்து ஈறுமே இடம் தந்தது. யூனிக்ஸில் 1971 முதல் உள்ள 'எம்வி' என்னும் கட்டளையால் கோப்பின் பெயரை மாற்றலாம். ஆயின் அக்கட்டளை அடைவிலுள்ள பெயரை மாற்றுமேயன்றிக் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாது. ஒருவர் பெயரை மாற்றிவிட்டால் பழைய பெயருக்குச் சான்று யாதும் எஞ்சாது.

3. கடைக்காப்பாய் நின்ற 128 பைட்

1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஐடி3 என்னும் குறிப்பு முறையை வகுத்தார். கோப்பின் கடைசி 128 பைட்டுகளே அதற்கு இடம். முதல் 3 பைட்டு 'டேக்' என்னும் அடையாளச்சொல். பின்னர்ப் பாட்டின் பெயருக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டிற்கு 4, பிற குறிப்பிற்கு 30, இசைவகைக்கு 1 என்பன அதன் பகுப்பு. ஈற்றில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. ஒலியின் முன்னர் வைப்பின் அக்காலத்து இயக்கிகள் அதனை ஒலியென மயங்கியிருக்கும். ஈற்றில் வைப்பின் அம்மயக்கத்தால் வரும் கேடு சிறிதே. கோப்பு முழுவதையும் மீண்டும் எழுதாமல் ஈற்றில் ஒட்டிவிடுதலும் எளிது. கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் கூறிய பெயரும் எரிக் கெம்ப் கோப்பின் முடிவில் வைத்த பெயரும் ஒரே இடத்தில் அமைந்தமை நோக்கத்தக்கது.

1997-இல் மைக்கேல் முட்ச்லர் என்பவர் பிற குறிப்பிற்குரிய 30 பைட்டில் இறுதி இரண்டினை எடுத்துப் பாட்டின் வரிசையெண்ணுக்கு இடம் செய்தார். இதனை ஐடி3-இன் 1.1-ஆம் பதிப்பு என்பர்.

இம்முறையின் குறைகள் மூன்று. முதலாவது, கலைஞர் என்னும் இடம் ஒன்றே. மேனாட்டுப் பாட்டுக் குழுக்களுக்கு அது போதியதாகலாம். தமிழ்த் திரைப்பாட்டில் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என மூவர் உளர். கருநாடக இசையிலும் உருப்படி செய்தவர் வேறு, பாடுபவர் வேறு. ஓரிடத்தில் ஒரு பெயரையே எழுத இயலும் நிலையில், பாடியவர் பெயர் நிற்பின் கவிஞர் பெயர் மறையும். இரண்டாவது, இசைவகைக்கு முதற்கண் வகுத்த 80 பெயர்களில் ப்ளூஸ், ஜாஸ், போல்கா முதலியன உள. கருநாடக இசை இல்லை. மூன்றாவது, எழுத்து இலத்தீன் எழுத்தே. அவ்விதிப்படி தமிழெழுத்திற்கு இடமே இல்லை.

4. தலைப்பகுதிக்கு வந்த பெயர்

1998-இல் மார்ட்டின் நில்சன் முதலியோர் ஐடி3-இன் இரண்டாம் பதிப்பை வகுத்தனர். பெயரளவில் அது முன்னதன் தொடர்ச்சியே. அமைப்பில் முற்றிலும் வேறானது. குறிப்பு கோப்பின் தலைப்பகுதிக்கு வந்தது. வலைவழியே ஒலி சிறிது சிறிதாக வந்து சேரும்போது பெயர் முன்னர்த் தெரிதல் வேண்டும் என்பதே அதற்குக் காரணம். பழைய இயக்கிகள் குறிப்பை ஒலியென மயங்காவண்ணம், அதன் அளவைக் காட்டும் 4 பைட்டுகள் ஒவ்வொன்றிலும் 7 துகள்களே பயன்படுத்தப்பட்டன. ஆகவே 28 துகள்களால் 256 மெகாபைட் வரை குறிப்பு விரியலாம். 2.3-ஆம் பதிப்பு 1999 பிப்ரவரியிலும், 2.4-ஆம் பதிப்பு 2000 நவம்பரிலும் வெளிவந்தன.

இப்பதிப்பில் பெயர்கள் தனித்தனிச் சட்டங்களில் வைக்கப்பெறும். பாடியவருக்கு 'டிபிஇ1', இசையமைத்தவருக்கு 'டிசிஓஎம்', பாட்டை இயற்றியவருக்கு 'டெக்ஸ்ட்' என மூன்று சட்டங்கள் உள. இராகம், தாளம் போன்றவற்றிற்குப் பயனரே பெயரிடும் சட்டமும் உண்டு. ஐடி3 முறையில் கவிஞர்க்குத் தனியிடம் கிடைத்தது இதன்கண்தான் என்க.

ஏறத்தாழ இதே காலத்தில் ஆக் வோர்பிஸ் முறையினர் வேறொரு வழியை மேற்கொண்டனர். 'பெயர் = மதிப்பு' என்னும் வடிவில் எத்துணைக் குறிப்புகளையும் எழுதலாம்; ஒரே பெயரைப் பன்முறையும் எழுதலாம். இருவர் பாடிய பாட்டிற்கு இருவரையும் தனித்தனியே பொறிக்க இது வாய்ப்பளிக்கின்றது. பிளாக் என்னும் இழப்பற்ற ஒலிமுறையும் இதனையே ஏற்றது.

5. தமிழெழுத்தின் நிலை

தமிழெழுத்து 1991-இலேயே யூனிகோடில் இடம் பெற்றது. எனினும் தமிழர் பலர் நெடுங்காலம் தகுதரம் எனப்படும் டிஸ்கி போன்ற 8 துகள் குறிமுறைகளில் எழுதினர். அங்ஙனம் எழுதிய பெயரை இலத்தீன் எழுத்தெனக் கொள்ளும் இயக்கி, ஐரோப்பிய எழுத்துகளின் பொருளற்ற கோவையாகக் காட்டும். பெயர் அழிந்ததன்று, படிக்கும் முறையே மாறியது.

யூனிகோடின் யுடிஎப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒன்றிற்கு 3 பைட்டு வேண்டும். சான்றாக, 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' என்னும் திரைப்படத்தின் பெயரைக் காண்போம். இலக்கணப்படி அதில் 7 எழுத்துகள். யூனிகோடில் 13 குறியீடுகள். யுடிஎப்-8 வடிவில் 39 பைட்டுகள். இதனை விதிக்கு மாறாகப் பழைய 30 பைட்டு இடத்தில் எழுதினால் 10 குறியீடுகளே அடங்கும். எஞ்சுவது 'திருவிளையா' என்பதே. ஒரு பாட்டு யாருடையது என்னும் வினாவே தருமியின் கதைக்கு உயிர்நிலை. அக்கதையைக் கூறும் படத்தின் பெயரே இவ்வாறு குறைவுபடுதல் கருதத்தக்கது.

6. கட்டளை வரியும் பதிப்புப் பணியும்

பல்லாயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துதல் அரிது. ஆதலின் கட்டளை வரியில் இயங்கும் கருவிகள் தோன்றின. ஐடி3வி2, ஐடி3, மியூட்டஜன் தொகுதியைச் சேர்ந்த மிட்3வி2 என்பன குறிப்புகளைப் படிக்கவும் எழுதவும் பயன்படுவன. பிளாக் கோப்புகட்கு மெட்டாபிளாக் என்பது உண்டு. பெர்ல் மொழியோடு லாரி வால் வழங்கிய 'ரீநேம்' என்னும் நிரல், ஒரு விதியைக் கொண்டு பல கோப்புகளின் பெயர்களை ஒருங்கே மாற்றுவது. இலத்தீன் எனத் தவறாகக் கொள்ளப்பெற்ற குறிப்புகளை யூனிகோடாக்க மிட்3ஐகான்வ் என்பது உளது. குனு சி நூலகத்தோடு வரும் 'ஐகான்வ்' கட்டளை டிஸ்கி குறிமுறையையும் அறியும்.

ஈண்டுப் பதிப்பாசிரியர் கவனித்தற்குரியது ஒன்றுண்டு. ஒரே கோப்பில் ஈற்றில் ஒரு குறிப்பும் தலையில் ஒரு குறிப்பும் இருத்தல் கூடும். கோப்புப் பெயர் மூன்றாவது சான்று. மூன்றும் தம்முள் மாறுபடின் அவை பாடவேறுபாடுகளே. இயக்கி அவற்றுள் ஒன்றனையே காட்டும். ஐடி3வி2 கருவியில் ஈற்றுக் குறிப்பைத் தலைக் குறிப்பாக மாற்றும் விருப்பத்தேர்வு ஒன்றுண்டு. தலைக் குறிப்பு இல்லாத கோப்புகளில் அதனை ஆராயாது ஆயிரம் கோப்புகளுக்கு ஏவுவோமாயின், 30 பைட்டில் குறைவுபட்ட பெயர்கள் இடம் பரந்த புதிய சட்டத்திலும் குறைவுபட்டே நிற்கும். கவிஞர்க்குரிய சட்டம் வெறிதாகவே இருக்கும். பின்னர்க் காண்போர் அதனை மூலமெனவே கொள்வர். ஒரு கட்டளையால் ஆயிரம் பெயர் திருந்துதல் போலவே ஆயிரம் பெயர் திரிதலும் கூடும்.

ஆதலின் பின்பற்றற்குரிய முறை இது: முதலாவது, இரு குறிப்புகளையும் கோப்புப் பெயரையும் எழுத்துக் கோப்பொன்றில் படியெடுத்து வைத்தல் வேண்டும், அதுவே மூல ஏட்டின் படி. இரண்டாவது, பெயர்மாற்ற விதியை மெய்யாக நடத்துமுன், மாற்றம் செய்யாது விளைவை மட்டும் காட்டும் விருப்பத்தேர்வால் சோதித்தல் வேண்டும். பிற்காலத்து ரீநேம் நிரல்களில் இவ்வசதி உண்டு. மூன்றாவது, அகக்குறிப்பை முதலில் திருத்தி, அதிலிருந்து கோப்புப் பெயரை ஆக்குதல் வேண்டும். சாய்கோடு போன்ற குறிகள் கோப்புப் பெயரில் வாரா. அகக்குறிப்பிலோ அவை தடையின்றி நிற்கும். எனவே முழுமையுடையது அகக்குறிப்பே. நான்காவது, உறை, இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே இயற்றியவர் பெயரை நிரப்புதல் வேண்டும். ஐயமுள்ள இடத்தை வெறிதே விடுதல் தவறான பெயரை இடுதலினும் நன்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், இசைக்கோப்பில் பெயர் புறத்திலிருந்து ஈற்றுக்கும், ஈற்றிலிருந்து தலைக்கும் வந்த வரலாறு புலனாகும். எரிக் கெம்ப் ஒதுக்கிய 30 பைட்டும் ஒற்றைக் கலைஞர் இடமும் எவர் பெயரையும் மறைக்கும் நோக்குடையன அல்ல; எனினும் அவற்றால் கவிஞர் பலர் பெயரின்றி நின்றனர். இடமின்மையால் நேர்ந்த அக்குறை 1998-க்குப் பின் நீங்கிற்று. இன்று கவிஞர்க்குரிய சட்டம் வெறிதாயிருப்பின், அது கருவியின் குறையன்று. நிரப்புவார் இன்மையே காரணம். தமிழ்த்துறைகளில் இசைப்பாட்டு ஆராயும் மாணவர், பாட்டைக் கேட்டு எழுதுவதோடு அமையாது, தம் கையிலுள்ள கோப்புகளின் அகக்குறிப்பையும் ஏட்டின் இறுதிக் குறிப்பைப் போலவே படித்து, ஒப்புநோக்கி, இயற்றியவர் பெயரைப் பொறித்து வைப்பாராயின், இக்காலத்துப் பாடலாசிரியரைப் பாட்டின் தொடரால் பெயரிட்டழைக்கும் நிலை பிற்காலத்தார்க்கு நேராது.