யார் இந்த கொண்டையராஜு? நாடகக் கம்பெனி கலைந்ததால் கோவில்பட்டிக்குக் கிடைத்த காலண்டர் ஓவியர்

சங்கரன்கோவில் பக்கம் பழைய வீட்டு பூஜை அறை எதையாவது எட்டிப் பாருங்க. ஃபிரேம் போட்ட மீனாட்சி கல்யாணமோ முருகனோ கண்ணில் படும். படம் எல்லாருக்கும் தெரியும். வரைந்தவர் பெயர்தான் பலருக்கும் தெரியாது.

சி. கொண்டையராஜு (1898-1976) சென்னையிலிருந்து வந்தவர். அங்குள்ள ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். ஆனால் படிப்பு அவரை ஓரிடத்தில் உட்கார வைக்கல. கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமம். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் வரையும் வேலை. அரண்மனை, காடு, தெரு, தர்பார் என ஆள் உயரத்தைத் தாண்டும் படுதாக்கள். கம்பெனி போகிற ஊருக்கெல்லாம் அவரும் போகணும்.

1940-களின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் முகாம் போட்டிருந்த நேரத்தில் கம்பெனி கலைந்துபோனது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இருக்கிற கரிசல் ஊர் அது. ஓவியத்துக்குப் பெரிய சந்தை இருந்த இடமில்லை. இருந்தும் சென்னைக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

கையில் இருந்த தொழிலை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார். போட்டோ ஸ்டுடியோக்களுக்குப் பின்னணித் திரை வரைவது, கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் பூசுவது என்று பிழைப்பு ஓடியது. தங்கப் பதக்கக் கனவோடு படித்தவர்கள் பலர் இதைக் கௌரவக் குறைச்சல் என்றிருப்பார்கள். இவர் சீடர்களையும் சேர்த்துக்கொண்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் அவர்களில் முக்கியமானவர்கள்.

பக்கத்து சிவகாசியில் கலர் அச்சு வளர்ந்ததும் நிலைமை மாறியது. கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டருக்கு சாமி படம் தேவைப்பட்டது. நாடக மேடையின் தூண், திரை, தர்பார் எல்லாம் இப்போது தெய்வங்களுக்குப் பின்னால் வந்து நின்றன.

வீட்டில் பழைய படம் இருந்தால், கையெழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்க.