எஸ்போசிட்டோ (குடும்பப் பெயர்)

எஸ்போசிட்டோ: தென் இத்தாலியில், சிறப்பாக நேப்பிள்ஸிலும் அதைச் சூழ்ந்த கம்பானியா மாநிலத்திலும் வழங்கும் குடும்பப் பெயர். நேப்பிள்ஸில் மிகப் பரவலான பெயர் இதுவே. இத்தாலி முழுவதையும் கணக்கில் எடுத்தாலும் முதல் பத்துக்குள் வரும். 'வெளியே வைக்கப்பட்டவர்' என்னும் பொருளுடைய 'எக்ஸ்போசித்துஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர் இது.

குழந்தையை வெளியே கிடத்திவிடும் வழக்கம் பண்டைய ரோமிலேயே இருந்தது. டைபர் ஆற்றில் மீனவர் வலையில் சிசுக்களின் உடல்கள் சிக்கியதைக் கண்டு மனம் கலங்கிய பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட், ரோமில் குழந்தைகளை ஏற்கும் சுழல்தொட்டியை நிறுவினார் என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. இதை வரலாறாகக் கொள்வதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

பெயரின் வரலாறு தெளிவடைவது நேப்பிள்ஸின் அனுன்சியாத்தா இல்லத்தில்தான். மங்கள வார்த்தை மாதாவின் பெயரால் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்த நிறுவனம் கோயில், மருத்துவமனை, அநாதைக் குழந்தைகள் இல்லம் மூன்றையும் ஒன்றாக நடத்தியது. பின்னாளில் வங்கியும் நடத்தியது; அந்த வங்கி 1702இல் நொடித்துப்போனது. தெருவை ஒட்டிய சுவரில் ஒரு துளை. அதற்குள் மரத்தாலான சுழலும் உருளை. இத்தாலியர் அதை 'ருவோத்தா', அதாவது சக்கரம் என்றனர். வெளியிலிருப்பவர் குழந்தையை வைத்துச் சுழற்றினால், உள்ளே விழித்திருக்கும் பணிப்பெண் எடுத்துக்கொள்வாள். கொடுத்தவர் முகத்தை வாங்கியவர் பார்க்க வழியில்லை. சற்று வளர்ந்த குழந்தைகளை எண்ணெய் தடவித் துளைக்குள் நுழைத்தார்கள் என்றும் நகரில் சொல்வதுண்டு.

குழந்தையைக் குளிப்பாட்டிய பின் பதிவேட்டில் எழுதுவார்கள். வந்த நாள், வேளை, மதிப்பிட்ட வயது, போட்டிருந்த துணி, கூடவே வந்த பொருள். 17ஆம் நூற்றாண்டு முதலான இப்பதிவேடுகளே இந்தப் பெயருக்குக் கிடைத்திருக்கும் மிக நெருக்கமான சாட்சியம். 'கூடவே வந்த பொருள்' என்ற இடத்தில்தான் படிப்பவர் கை நின்றுவிடும். பாதியாக வெட்டிய பதக்கம், கிழித்த திருவுருவப் படத்தின் ஒரு துண்டு, ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று சொல்லும் சீட்டு. மறுபாதி தாயிடம் இருக்கும். என்றாவது திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பிள்ளையை அடையாளம் காணலாம். திரும்பி வந்தவர்கள் சிலரே. குழந்தைகளில் பெரும் பகுதியினர் சிறு வயதிலேயே இறந்தனர். பிழைத்தவர்களை நகரத்தார் 'மாதாவின் பிள்ளைகள்' என்று அழைத்தனர். பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயரை இட்ட ஊரில் இந்தப் பரிவுப் பெயரும் இருந்தது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பலரைக் கூலிக்குப் பாலூட்டும் தாய்மாரிடம் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெயர் நகருக்கு வெளியே வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற நகரங்கள் வேறு பெயர்களை இட்டன. ஃபிளாரன்ஸில் 1445இல் திறந்த இல்லத்தின் வழியாக இன்னொசென்ட்டி, ரோமில் ப்ரோயெத்தி, மிலானில் மருத்துவமனையின் புறாச் சின்னத்தையொட்டிக் கொலம்போ. ஆனால் கொலம்போ என்ற பெயருடைய எல்லாரும் அவ்வழி வந்தவரல்லர்.

பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் ஒரே பெயரை எல்லாக் குழந்தைகளுக்கும் இடும் வழக்கத்தை நேப்பிள்ஸின் அரசராக இருந்த முரா 1814இல் தடுத்தார் என்பது பொதுவான கூற்று. தடை எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் பெயர் தலைமுறைகளாகத் தந்தைவழி இறங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே இன்றைய எஸ்போசிட்டோ ஒருவரின் மூதாதை அனுன்சியாத்தாவின் சக்கரத்தில்தான் கிடந்தார் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. தெற்கின் வேறு இல்லங்களும் இப்பெயரை இட்டன. நேப்பிள்ஸின் சக்கரம் 1875இல் மூடப்பட்டது.

1880களிலிருந்து முதல் உலகப் போர் வரை தென் இத்தாலியர் திரளாக நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பலேறியபோது பெயரும் நியூயார்க், புவெனஸ் ஐரிஸ் சேர்ந்தது. அர்ஜென்டினாவில் ஒரு சிக்கல்: ஸ்பெயினிலும் இதே காரணத்தால் பிறந்த 'எக்ஸ்போசித்தோ' என்ற பெயர் உண்டு. அங்கே ஒரு குடும்பம் எவ்வழி வந்தது என்பதை ஆவணம் பார்த்தே பிரிக்க முடியும். வட அமெரிக்காவில் உச்சரிப்பே மாறியது: நேப்பிள்ஸ்காரர் 'போ'வில் அழுத்துவார், அங்கே அழுத்தம் 'சி'க்கு நகர்ந்துவிட்டது. கனடாவின் ஃபில் எஸ்போசிட்டோ 1968–69 பருவத்தில் 126 புள்ளிகள் எடுத்து, என்எச்எல் ஐஸ் ஹாக்கியில் ஒரே பருவத்தில் நூறைத் தொட்ட முதல் வீரரானார். நடிகர் ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ 1958இல் கோபன்ஹேகனில் பிறந்தவர், தந்தை நேப்பிள்ஸ்காரர்.

ஊரிலேயே தங்கியவர்களில் பிட்சாக்காரர் ரஃபாயேலே எஸ்போசிட்டோவை உலகம் அறியும். 1889இல் அரசி மார்கெரித்தாவுக்காகத் தக்காளி, மொட்சரெல்லா, துளசி இனத்து பசிலிக்கோ இட்டு அவர் செய்த பிட்சாவே அரசியின் பெயரைப் பெற்றது என்பர். அதற்குச் சான்றாகக் காட்டப்படும் அரண்மனைக் கடிதத்தைச் சிலர் ஐயுறுகின்றனர்.

அண்மைக் காலத்தில், நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியாவின் எஸ்போசிட்டோ சகோதரர்கள் மூவர் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிவருகின்றனர். அனுன்சியாத்தாவின் சக்கர அறை இன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.